பேரிங் சத்தம்

ஜன்னலில் ஒட்டிய விலைத்தாள்களில்
வெயில் முதலில் தின்பது சிவப்பைத்தான்.
'விற்பனைக்கு' வெளிறிப்போய்
எண்கள் மட்டும் கறுப்பாய் நிற்கின்றன.
அவற்றையும் மாதத்துக்கொரு முறை
நானே அடித்துத் திருத்துகிறேன்.

நான்காம் மாடி, பதினேழாம் எண்.
முப்பத்தெட்டு சதுர மீட்டர். அதில் ஆறு
மாடிப்படியிலும் லிஃப்டிலும் உங்கள் பங்கு;
அதைப் பொடி எழுத்தில் போடுவோம்.

இரண்டாயிரத்து ஏழில், இதே மேசையில்,
கட்டாத சுவரை வரைபடத்தில் காட்டி விற்றேன்.
லீட்ஸிலிருந்து வந்த நெவில் ஹார்ட்டில்
அறுபத்தெட்டாயிரம் யூரோவுக்குக் கையெழுத்திட்டு
என் பேனாவைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.
அந்த வருஷம் பிரின் மலையடியில்
பைன் மரங்களைவிடக் கிரேன்கள் அதிகம்.

இப்போது ஜனவரியில் மழை பெய்கிறது.
பீரங்கிகள் இரவெல்லாம் துப்பிய பனி
பழுப்புச் சரிவில் ஒரே ஒரு நீளக் கோடு,
புண்ணுக்குச் சுற்றிய துணி போல.
வாங்க வருகிறவர்கள் சுவரைத் தட்டுவதில்லை,
வானத்தைப் பார்க்கிறார்கள்.
பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு என்கிறார்கள்.
சொல்கிறேன்.
யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.
யோசிக்கிறவர்களால் நிரம்பியிருக்கிறது ஊர்.

செவ்வாய்க்கிழமை கிராஸ்தியோ வந்தான்.
கொண்டோலாவில் மெக்கானிக், பத்தொன்பது வருஷமாய்.
நகக்கண்ணில் கிரீஸ்.
காலி வீட்டுக்குள் நுழையவும்
பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தான்.
குழாயைத் திருகவில்லை, அலமாரியைத் திறக்கவில்லை.
நேரே பால்கனிக்குப் போய்
கண்ணை மூடி நின்றான்.

'மூன்றாம் கோபுரம்' என்றான்.
'உள்பக்கச் சக்கரம். பேரிங் போகப்போகிறது.
கேட்கிறதா?'
எனக்குக் கேட்டது காற்று. கீழே ஒரு நாய்.
'இங்கே இருந்தால்
காபி குடிக்கும்போதே தெரிந்துவிடும்.'

நாங்கள் கேட்பது முப்பத்தோராயிரம்.
அவன் சொன்னது இருபத்திரண்டு.
நான் கேட்காமலே கைபேசியைத் திறந்து
சேமிப்புக் கணக்கைக் காட்டினான்,
டாக்டரிடம் நாக்கை நீட்டுவது போல.

லீட்ஸுக்குப் போன் போட்டேன்.
பின்னால் ஒரு கெட்டில் கூவி அடங்கியது.
'ருசான்கா, நாங்கள் அங்கே எத்தனை நாள் தங்கினோம் தெரியுமா?
மோயிரா எண்ணி வைத்திருக்கிறாள்.
பதினெட்டு வருஷத்தில் நாற்பத்தொரு ராத்திரி.'
பேசிக்கொண்டே காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டுக்குக் கொடுத்தால்
ஒரு ராத்திரிக்கு ஆயிரத்துக்கு மேல் நஷ்டம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

'வாங்குவது யார்?'
சொன்னேன்.
'ஒருமுறை நடுவானில் நாற்பது நிமிஷம் நின்றுபோனது.
பயத்தில் மோயிரா தெர்மாஸ் முழுக்கக் காலி செய்தாள்.
அன்றைக்கு ஓடவைத்தது அவன்தானா?'

ஆமாம் என்றால் இரண்டாயிரம் குறைப்பார்.
தொழில் தெரிந்தவளுக்கு அது தெரியும்.
'தெரியாது' என்றேன்.
இந்த மேசையில் உட்கார்ந்து நான் சொன்ன
முதல் 'தெரியாது' அதுதான்.

இருபத்தாறு என்றார் அவர்.
இருபத்துமூன்று, அதற்கு மேல் காரை விற்கவேண்டும் என்றான் இவன்.
மூவாயிரம் நடுவில் தொங்குகிறது,
பெட்டிக்குள் யாரும் இல்லாமல்.

சாவி இன்னும் என்னிடம்தான்.
நேற்று கடை அடைத்ததும் தனியாகப் போனேன்.
ஏனோ பூட்ஸைக் கழற்றினேன். தரை ஜில்லிட்டது.
மூன்றாம் கோபுரம் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது,
மேலிருந்தா, கீழிருந்தா?
கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து, அந்த நாயும் ஓய்ந்த பிறகு,
ஏதோ ஒன்று, சீராக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை
கிறீச்சிட்டது.

விளம்பரத்தில் 'அமைதியான சூழல்' என்று
நான்தான் எழுதியிருந்தேன்.